ஆள் போன பின்னும் ஓடும் வேலை

அரியலூர்ப் பக்கம் இரவில் பயணம் செய்திருக்கிறீர்களா? சிமெண்டு ஆலைகளின் விளக்குகள் விடிய விடிய எரிவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே 1979இல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு சிமெண்டு ஆலையும் உண்டு. சிமெண்டுச் சூளைக்குள் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகிறது. ஷிப்டு முடிந்ததும் தொழிலாளி வீடு திரும்புகிறார். ஆனால் சூளையைத் திடீரென நிறுத்த முடியாது. சூடான உருளை சுழலாமல் நின்றால் தன் எடையாலேயே வளைந்துவிடக்கூடும். ஆகவே போகிறவர், வருகிறவரிடம் பொறுப்பை ஒப்படைத்த பிறகே போகிறார்.

கணிப்பொறியிலும் இத்தகைய நிலை ஏற்படுகிறது. நீங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைகிறீர்கள். ஒரு வேலையைத் தொடங்கி வைக்கிறீர்கள். அது முடியுமுன் வெளியேறுகிறீர்கள். அந்த வேலை தொடர வேண்டுமா, நிற்க வேண்டுமா? அதை முடிவு செய்வது யார்? இக்கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன.

அட்டைக் கட்டுகளின் காலம்

தொடக்கத்தில் இச்சிக்கலே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370 கணிப்பொறி நிறுவப்பட்டது. அக்காலத்தில் இத்தகைய பொறிகளுக்கு வேலை கொடுப்பவர், ஆணைகளைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, அக்கட்டை அலுவலரிடம் கொடுத்துவிட்டுப் போவார். பொறி அதைத் தன் முறை வந்தபோது செய்யும். அச்சிட்ட விடையைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆள் அருகில் இருக்கிறாரா என்று பொறி பார்க்கவில்லை.

பலர் ஒரே கணிப்பொறியுடன் நேரடியாக உரையாடும் 'காலப் பகிர்வு' முறை வந்தபோதுதான் கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் இம்முறையை 1961 நவம்பரில் செய்து காட்டினர். பின்னர் அதிலேயே, உரையாடலின்போது ஒரு நீண்ட வேலையைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு வெளியேறும் வசதியும் சேர்க்கப்பட்டது.

தொலைபேசி துண்டித்தால்?

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 'யூனிக்ஸ்' இயக்கமுறையை உருவாக்கத் தொடங்கினர். இதில் ஆணையின் இறுதியில் & என்ற குறியை இட்டால் அது பின்னணியில் ஓடும்; நீங்கள் அடுத்த ஆணையைக் கொடுக்கலாம்.

அந்நாளில் பலர் தொலைபேசிக் கம்பி வழியாகவே கணிப்பொறியை அணுகினர். விநாடிக்குப் பத்து எழுத்துகளை அச்சிடும் டெலிடைப் பொறி அவர்கள் முன் இருக்கும். இணைப்பு அறுந்துவிட்டால் மறுமுனையில் ஆள் இல்லை என்று பொருள். உடனே யூனிக்ஸ், அந்த முனையத்தைச் சார்ந்த வேலைகளுக்கு 'ஹேங்அப்' என்னும் சைகையை அனுப்பும். தொலைபேசியை வைத்துவிட்டார்கள் என்பதே அதன் பொருள். சைகை பெற்ற வேலை பொதுவாக அத்துடன் முடிந்துவிடும். யூனிக்ஸ் சைகைகளுக்கு எண்கள் உண்டு. இதன் எண் 1.

இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆளில்லாத வேலைகள் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு இடமேது? ஆனால் இரவு முழுதும் கணக்குப் போட வேண்டிய ஆய்வாளர் என்ன செய்வார்? அவருக்காக 1970களிலேயே 'நோஹப்' என்ற ஆணை வந்தது. இதன் வழியாகத் தொடங்கிய வேலை, ஹேங்அப் சைகையைச் செவிமடுக்காது. திரைக்குப் போக வேண்டிய விடையை ஒரு கோப்பில் எழுதி வைக்கும்.

ஆனால் ஒரு குறை இருந்தது. மறுநாள் வருபவர் அந்தக் கோப்பைப் படிக்கலாம். அந்த வேலையுடன் மீண்டும் உரையாட முடியாது. இக்குறையைத் தீர்த்தது 'ஸ்கிரீன்' என்னும் மென்பொருள். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் லாவ்மனும் கார்ஸ்டன் போர்மனும் 1987இல் இதை வெளியிட்டனர். உண்மை முனையத்துக்கும் வேலைக்கும் நடுவே இது ஒரு கற்பனை முனையமாக நிற்கிறது. நீங்கள் இணைப்பைக் கழற்றிக்கொண்டு போகலாம். வேறோர் இடத்திலிருந்து விட்ட இடத்திலேயே தொடரலாம். 2007இல் நிக்கலஸ் மாரியட் உருவாக்கிய 'டிமக்ஸ்' இதே பணியைச் செய்கிறது.

2016இல் எழுந்த சச்சரவு

யூனிக்ஸைப் பின்பற்றி எழுந்த லினக்ஸில், 2010க்குப் பிறகு 'சிஸ்டம்டி' என்னும் மேலாண்மை மென்பொருள் பரவியது. உள்நுழையும் ஒவ்வொருவரின் வேலைகளையும் இது ஒரு குழுவாகக் கட்டி வைக்கிறது. ஒரு வேலையிலிருந்து பிறக்கும் வேலைகளும் அதே குழுவில் சேரும்.

2016 மே மாதம் வந்த இதன் 230ஆம் பதிப்பில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. பயனர் வெளியேறியதும் அவருடைய குழுவில் எஞ்சிய எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதே இயல்பு நிலை என்றாயிற்று. சைகையைச் செவிமடுக்காத நோஹப் வேலையும், ஸ்கிரீனும், டிமக்ஸும் இதற்குத் தப்பவில்லை.

தேவையற்ற வேலைகள் எஞ்சி நிற்பதைத் தடுக்கவே இம்மாற்றம் என்றனர் ஒரு சாரார். பல்லாண்டுகளாக நம்பியிருந்த வழக்கத்தைச் சொல்லாமல் முறிக்கலாமா என்றனர் மறு சாரார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. 'டெபியன்' என்னும் லினக்ஸ் தொகுப்பினர் பழைய நிலையையே இயல்பாக வைத்துக்கொண்டனர். சிஸ்டம்டியிலோ 'லிங்கர்' என்றோர் அனுமதி உண்டு. இதைப் பெற்ற பயனரின் பணிகள், அவர் வெளியேறிய பின்னும் தனி மேலாளரின் பொறுப்பில் தொடரலாம். ஷிப்டு மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது போன்ற ஏற்பாடு இது!

நம் மாணவர்களுக்கு

எங்கோ எடுத்த முடிவு நமக்கு எதற்கு என எண்ண வேண்டாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸும் இடம்பெற்றது. பெரம்பலூரிலோ அரியலூரிலோ அதில் பழகிய மாணவர், நாளை தொலைவிலுள்ள பெரிய கணிப்பொறியில் ஆய்வுக் கணக்கு ஒன்றை ஓட்ட நேரிடும். இணைப்பு அறுந்தால் பல மணி நேர உழைப்பு வீணாகலாம்.

ஆகவே நீண்ட வேலையைத் தொடங்குமுன் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, நீங்கள் வெளியேறினால் அக்கணிப்பொறி வேலையை என்ன செய்யும் என்பதைக் கேட்டறியுங்கள். சிறு வேலை ஒன்றை ஓடவிட்டு, வெளியேறித் திரும்பி வந்து சோதியுங்கள். இரண்டாவது, இடைக்கால விடைகளைக் கோப்பில் சேமித்து வாருங்கள். மின்சாரம் நின்றுவிட்டால் நோஹப்பும் டிமக்ஸும் காப்பாற்றா. மூன்றாவது, தேவை தீர்ந்த வேலையை நீங்களே நிறுத்திவிடுங்கள். பொதுக் கணிப்பொறியில் உங்களுக்குப் பின்னால் ஒருவர் காத்திருக்கிறார் அல்லவா?