ஒரு படிக்கு ஒரு பாட்டு

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது ஊர்க்கணக்கு. பள்ளிக்கூட நாட்களில் அதை ஓட்டமாக ஏறியவன் நான். போன வருஷம், முப்பத்தெட்டு வயதில், நூறாவது படிக்கு முன்பே பக்கச் சுவரில் சாய்ந்துவிட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் அலுவலக மருத்துவப் பரிசோதனையில் இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 தான் எல்லை. அந்தத் தாளை வீட்டில் காட்டவில்லை. படியில் மூச்சு வாங்கியதும் யாருக்கும் தெரியக்கூடாதென்று, யாரோ கூப்பிட்ட மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

படியோரம் பூ விற்ற அம்மாவிடம் அது செல்லவில்லை. "ஏன் நைனா ஓடுற? படி எங்கயும் போவாது" என்றார்.

அந்த வெட்கம்தான் இந்தப் படிகளின் வரலாற்றைத் தேட வைத்தது. தேடினால், இன்று இங்கே நடக்கும் படித் திருவிழாவைத் தொடங்கியவரே நடுவயதில் உடம்பு கைவிட்ட ஒருவர்!

வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1870-ல் பிறந்தவர். இயற்பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனைச் சமையல்கட்டில் வேலை பார்த்தவருக்குத் தீராத வயிற்றுவலி. வைத்தியம் எதுவும் கேட்காமல் 1908-ல் பழனிக்குப் போகிறார். அப்போது அவருக்கும் ஏறத்தாழ என் வயதுதான். அங்கே தங்கி, மலையைச் சுற்றி நடந்து, சாமியைக் கும்பிட்டு வந்ததில் வலி தீர்ந்தது என்று அவருடைய அடியார்கள் சொல்கிறார்கள். தீர்த்தது முருகனா, தினசரி நடையா, அடுப்படியிலிருந்து கிடைத்த விடுதலையா என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பழனியில்தான் திருப்புகழ் அவர் காதில் விழுந்தது. பிறகு துறவியாகி வேலூர்ப் பக்கம் வள்ளிமலையில் தங்கினார். 1950-ல் மறையும்வரை திருப்புகழைப் பரப்புவதே அவர் வேலை.

அந்தக் காலத்தில் ஆங்கிலப் புத்தாண்டு என்றால் வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுக்கு மாலையோடும் பழத்தோடும் போய் நிற்பது வழக்கம். துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகைமலையில் இருக்கிறான், அவனைப் போய்ப் பார்க்கலாம் என்று சுவாமிகள் ஆட்களைத் திரட்டினார். 1917-18 வாக்கில் தொடங்கிய அந்தப் பழக்கம் இன்றும் டிசம்பர் 31 அன்று நடக்கிறது. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம், ஒரு சூடம், ஒரு திருப்புகழ். பிறகுதான் அடுத்த படி.

அதே காலத்தில் உலகம் உடம்பைப் பற்றி வேறொரு பாடமும் படித்துக்கொண்டிருந்தது. சுவாமிகளைவிட மூன்று வயது மூத்தவர் யூஜின் சாண்டோ. 1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உடற்கட்டுப் போட்டி நடத்தியவர். 1904-05-ல் இந்தியாவுக்கும் வந்தார். பிற்பாடு பெங்களூரில் கே.வி. ஐயர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, தன் உடற்கட்டுப் படங்களோடு புத்தகங்கள் போட்டார். இதைக் கேலி செய்யமாட்டேன். இந்தியன் நோஞ்சான் என்ற காலனிய ஏளனத்துக்கு அது ஒரு பதில். ஆனால் அந்தப் பதில் இளைஞனின் உடம்பில், கேமராவுக்கு முன்னால் சொல்லப்பட்டது. இன்று நம் போனில் ஓடும் 'முன்பு - பின்பு' படங்கள் அதன் பேரப்பிள்ளைகள். நாற்பதை நெருங்குகிறவனுக்கு அதில் எப்போதும் 'முன்பு' படம்தான் வாய்க்கிறது.

படித் திருவிழாவை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். உடற்பயிற்சியில் ஓர் எளிய சோதனை உண்டு: பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. பேசவே முடியாவிட்டால் கடுமையான உழைப்பு. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. திருப்புகழோ இழுத்துப் பிடித்துப் பாடவேண்டிய சந்தம். மூச்சு வாங்குகிறவன் வாயில் அது நிற்காது. ஆகவே ஒரு படிக்கு ஒரு பாட்டு என்றால், மூச்சு திரும்பி வரும்வரை நின்றாகவேண்டும் என்று அர்த்தம். ஓய்வு அங்கே தோல்வி இல்லை. அது முறையிலேயே இருக்கிறது. கூட்டத்தில் எல்லோரும் நிற்பதால் யாரும் போனை எடுத்து நடிக்கத் தேவையில்லை.

பாடப்படும் விஷயத்தையும் பார்க்கணும். 15-ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் நரையையும் இருமலையும் கூன் விழுந்த முதுகையும் ஒளிக்காமல் பாடியவர். அவர் நோக்கம் ஃபிட்னஸ் இல்லை. உடம்பு போவதற்குள் முருகனைப் பிடி என்பதுதான். இருந்தாலும், தளர்ந்த உடம்பை ஊர் கூடி உரக்கப் பாடும் இடத்தில் என் தொப்பையை மட்டும் எதற்கு மறைக்க?

கடந்த டிசம்பர் 31 அன்று ஒரு பஜனைக் கோஷ்டியின் பின்னால் ஏறினேன். பாதிப் பாட்டு எனக்குத் தெரியாது, முனகினேன். உச்சிக்குப் போக மணிக்கணக்கில் ஆனது. இப்போது ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுகிறேன், மற்ற நாட்களில் நடக்கிறேன். இடுப்பு 95. எல்லைக்கு இன்னும் ஐந்து செ.மீ. இருக்கிறது. பரிசோதனைத் தாளை வீட்டில் காட்டிவிட்டேன். படியில் மூச்சு வாங்கினால் போனை எடுப்பதில்லை. நிற்கிறேன்.