136 ஆண்டுகள் காணாமல் போன தவளை

விலங்கியல் என்றதும் ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டிலுக்குள் மிதக்கும் தவளைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் உயிரோடு இருக்கும் விலங்கு என்ன செய்கிறது என்று பார்ப்பதும் விலங்கியல்தான். திருநெல்வேலி மலையில் உள்ள ஒரு சின்னத் தவளை, முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்திற்கு வர 136 ஆண்டுகள் ஆயின!

1876-ஆம் ஆண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் இந்தத் தவளைக்கு 'சலாசோடிஸ்' என்று பெயர் வைத்தார். கிடைத்த இடம் 'திருவிதாங்கூர்' என்று பதிவானது. அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கும் திருநெல்வேலி ஜில்லாவிற்கும் மலை முகடுதான் எல்லை. தவளைக்கு ஏது எல்லை? 1874-க்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. பேரேட்டில் பெயர் மட்டும் இருந்தது, வரவே இல்லை.

2010-இல் டில்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி.பிஜு, இந்தியாவில் காணாமல் போன தவளைகளைத் தேடும் இயக்கத்தைத் தொடங்கினார். மணிமுத்தாறு அணையிலிருந்து மாஞ்சோலை வழியாக ஏறினால் மேல் கோதையாறு வரும். ஆர்.கணேசன், கே.எஸ்.சேஷாத்ரி, பிஜு ஆகியோர் சலாசோடிஸ் தவளையை அங்கே கண்டுபிடித்த செய்தி 2011-இல் வெளியானது. பளிச்சென்ற பச்சை உடல், சாம்பல் நீலத் தொடை, கறுத்த கண்ணில் பொன்னிறப் புள்ளிகள்!

அதைவிடப் பெரிய ஆச்சரியம் 2014-இல் வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த சேஷாத்ரி, இந்தத் தவளை எங்கே முட்டையிடுகிறது என்பதைத் தம் குழுவினருடன் வெளியிட்டார். மெல்லிய மூங்கிலின் கணுவிடையில் உள்ள சிறு பிளவு வழியே உடலை நுழைத்து, உள்ளே சில முட்டைகளை மட்டுமே இடுகிறது. தண்ணீரும் வேண்டாம், தலைப்பிரட்டைப் பருவமும் கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளைதான் வெளிவரும்.

காவல் யார்? அப்பாத் தவளை! அதனால் என்ன பயன் என்று அறிய, சேஷாத்ரியும் டேவிட் பிக்ஃபோர்டும் சில மூங்கில்களிலிருந்து தந்தையை அகற்றிப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. காவல் இல்லாத முட்டைகளில் பெரும்பகுதி அழிந்தது. தின்றவை அதே இனத்தின் வேறு ஆண் தவளைகள்!

மூங்கிலைக் கூடைக்கும் பாய்க்கும் காகிதக் கூழுக்கும் வெட்டுகிறார்கள். வெட்டுபவருக்கு அது வெறும் மூங்கில். உள்ளே ஒரு குடும்பம் இருப்பது 2014 வரை அறிவியலுக்கே தெரியாது. 1988-இல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களை இணைத்துத் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் அமைத்தபோது யாரும் இந்தத் தவளையை நினைத்திருக்க முடியாது. புலிக்குக் கொடுத்த பாதுகாப்பில் தவளையின் மூங்கிலும் சேர்ந்தே தப்பியது.

பெயர் தெரிந்தால் மட்டும் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியாது. அது எங்கே, எப்படி வாழ்கிறது என்று தெரிய வேண்டும். பாட்டிலில் இருந்த தவளை அதைச் சொல்லவில்லை, மூங்கிலுக்குள் இருந்த தவளை சொல்லிவிட்டது.