சவூதி வேலை: விசாவில் எழுதியிருக்கும் தொழில் எது?

சவூதியில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. விடுமுறை கிடைத்தால் உம்ரா செய்துவிடலாம். ஊர் வரும் நம் சபராளிகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கஃபீலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அங்கே நாம் தங்குவது இகாமாவின் பேரில். அதைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவர் தவறினால் அலைவது தொழிலாளி. வேலையை விட்டு ஓடிவிட்டதாக அவர் பதிந்துவிட்டால், அதாவது 'ஹுரூப்' கொடுத்துவிட்டால், வேறு வேலைக்குப் போவதும் ஊர் திரும்புவதும் எளிதல்ல.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு வேறு சுமை. 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியாலாக வந்த கட்டணம், ஆண்டுக்கு 100 வீதம் ஏறி 2020-ல் 400 ஆனது. மனைவியும் இரு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால்! குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பேச்சிலர் ரூமுக்குத் திரும்பியவர்கள் பலர்.

2021 மார்ச் 14 முதல், உரிய நிபந்தனைகளோடு, முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம். எக்சிட் ரீ-என்ட்ரியும் தாமே எடுக்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் இதில் சேர்க்கப்படவில்லை. கஃபீலின் கைக்குள் அதிகம் சிக்குபவர்களே இவர்கள்தாம்.

ஏஜெண்ட் 'கம்பெனி வேலை' என்பார். விசாவில் 'சாயிக் காஸ்' (வீட்டு ஓட்டுநர்) என்றிருந்தால் சட்டம் அதைத்தான் பார்க்கும். பணம் கட்டும் முன் விசா நகலை வாங்குங்கள். அரபு தெரியாவிட்டால் ஊர்ப் பள்ளி இமாமிடம் காட்டினாலே படித்துச் சொல்லிவிடுவார்.