செக்லாப் (சாண்டா பார்பரா)

செக்லாப் என்பது ஐக்கிய அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் உள்ள கணினிப் பாதுகாப்பு ஆய்வுக்குழு ஆகும். ரிச்சர்ட் கெம்மரர், ஜொவான்னி வீன்யா, கிறிஸ்டோபர் குரூகல் ஆகிய பேராசிரியர்களின் பெயர்கள் இக்குழுவுடன் இணைத்துக் கூறப்படுகின்றன. தாக்குபவரின் வழிமுறைகளைச் செய்து பார்த்தே அறிந்துகொள்வது இதன் கல்விப் பணிக்கும் ஆய்வுப் பணிக்கும் பொதுவான அணுகுமுறையாகும்.

கொடியைக் கைப்பற்றும் போட்டி

வீன்யா தம் மாணவர்களுக்கு வகுப்புப் பயிற்சியாக நடத்திய போட்டி, 2003 இல் பிற பல்கலைக்கழகங்களும் பங்குகொள்ளும் ஐசிடிஎஃப் போட்டியாக விரிவடைந்தது. வழக்கமான வடிவத்தில், ஒவ்வோர் அணிக்கும் ஒரே மாதிரியான வழங்கி தரப்படும். அதில் இயங்கும் சேவைகளில் பிழைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். தம் பிழைகளைத் திருத்துதல், சேவைகளை நிறுத்தாது இயக்குதல், பிறர் வழங்கியிலுள்ள 'கொடி' எனப்படும் இரகசியச் சரத்தை எடுத்தல் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. போட்டி மூடிய வலையமைப்பில் நடப்பதால், வெளியிலுள்ள எக்கணினியும் பாதிக்கப்படுவதில்லை.

வாக்குப்பதிவு இயந்திர ஆய்வு

2007 இல் கலிபோர்னியா மாநிலச் செயலாளர் டெப்ரா போவன், மாநிலத்தில் பயன்பட்ட மின்னணு வாக்குப்பதிவு முறைகளை ஆய்வு செய்யப் பணித்தார். செக்கோயா நிறுவனத்தின் முறையைத் தாக்கிச் சோதிக்கும் பணி இக்குழுவினரிடம் அளிக்கப்பட்டது. இயந்திரத்தின் மென்பொருளை மாற்றி வாக்குகளைத் திருத்த இயலும் என அவர்கள் காட்டினர். அவ்வாண்டு ஆகத்து மாதம் இம்முறைக்கான ஒப்புதல் விலக்கப்பட்டு, கடும் நிபந்தனைகளுடன் மட்டுமே மீண்டும் வழங்கப்பட்டது.

டார்பிக் கைப்பற்றல்

குழுவின் ஆய்வுகளில் மிகுதியாகப் பேசப்படுவது இதுவேயாகும். டார்பிக் என்பது வங்கிக் கணக்கு விவரங்களையும் கடவுச்சொற்களையும் திருடிய தீநிரல். இதனால் பாதிக்கப்பட்ட கணினிகள், அன்றைய தேதியைக் கொண்டு தளப்பெயர்களைக் கணித்து, அத்தளங்களுக்குத் திருடியவற்றை அனுப்பும். ஒரு தளம் முடக்கப்பட்டாலும் அடுத்த பெயருக்கு மாறிவிடலாம் என்பது குற்றவாளிகளின் கணக்கு. ஆயினும் வரும் வாரங்களுக்குரிய பெயர்களை அவர்கள் முன்னதாகப் பதிவு செய்து வைக்கவில்லை. கணிக்கும் முறையைக் கண்டறிந்த ஆய்வாளர்கள் அப்பெயர்களைத் தாமே விலைக்கு வாங்கினர். 2009 சனவரி 25 முதல் பத்து நாட்கள் திருட்டுத் தரவு ஆய்வாளர்களின் கட்டுப்பாட்டிலிருந்த வழங்கிக்கு வந்தது. பெப்ரவரி 4 அன்று குற்றவாளிகள் புதிய நிரலைப் பரப்பியதால் இக்கட்டுப்பாடு முடிவுற்றது.

பத்து நாட்களில் ஏறத்தாழ 70 கிகாபைட்டு தரவு சேர்ந்தது. அதில் 410 நிதி நிறுவனங்களைச் சார்ந்த 8,310 கணக்குகளின் விவரங்களும், 1,660 கடன் மற்றும் பற்று அட்டை எண்களும் இருந்தன. மற்றொரு முடிவு அறிவியல் நோக்கில் இதைவிடப் பயனுள்ளது எனலாம். வழங்கியைத் தொடர்புகொண்ட ஐபி முகவரிகள் 12 இலட்சத்துக்கும் மேல். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் உரிய அடையாள எண்ணைக் கொண்டு எண்ணியபோது கிடைத்தவை சுமார் 1,80,000 கணினிகளே. இணைய இணைப்பில் முகவரி அடிக்கடி மாறுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். முகவரிகளை மட்டும் எண்ணிக் கூறப்படும் பாட்நெட் அளவுகளை ஐயத்துடன் நோக்க வேண்டும் என்பதை இது காட்டிற்று.

பாதிக்கப்பட்டோரின் தரவை ஆய்வாளர்கள் வைத்திருப்பது முறையா என்ற வினா இங்கு எழுகிறது. கணினி உரிமையாளர்களுக்கு இயன்றவரை தீங்கு நேராதிருத்தல், அவர்களுக்கு அறிவிக்கப் போதிய தகவலைத் திரட்டுதல் என இரு நெறிகளைக் குழுவினர் வகுத்துக்கொண்டனர். கணினிகளுக்குப் புதிய அமைவுக் கோப்பு எதையும் அவர்கள் அனுப்பவில்லை. சட்ட அமலாக்க அமைப்புகளுக்குத் தகவல் அளித்தனர். தீநிரலை நீக்கும் கட்டளையைத் தாமே அனுப்பியிருக்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். அறியாத கணினி ஒன்றில் அது என்ன விளைவை ஏற்படுத்தும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அக்கணினி ஒரு மருத்துவமனையில் இருக்கவும் கூடும்.

பிற பணிகள்

இக்குழுவிலிருந்து தோன்றிய செல்ஃபிஷ் அணி, 2005 இல் டெஃப்கான் மாநாட்டுப் போட்டியில் வென்றது. 2016 இல் லாஸ் வேகாஸ் நகரில், மனிதர் தலையீடின்றிக் கணினிகளே மோதிய டார்ப்பா போட்டியின் இறுதிச் சுற்றில், ஏழு அணிகளுள் மூன்றாம் இடம் பெற்றது. அப்போட்டிக்கான மெக்கானிக்கல் ஃபிஷ் நிரலும், அதற்கு அடிப்படையான ஆங்கர் எனும் நிரல் பகுப்பாய்வுக் கருவியும் திறமூலமாக வெளியிடப்பட்டுள்ளன.