மாற்றுத்திறனாளி: சொல் வந்த வழி

கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இன்றும் நிற்கிறது. அவர்கள் வாயில் அந்த ஊர்ப்பெயர் நுழையவில்லை, ‘சட்ராஸ்’ ஆக்கிவிட்டார்கள். வரைபடங்களிலும் அதுவே ஏறியது. ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. ஊருக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்திருக்கிறது. உடலிலோ புலனிலோ அறிவு வளர்ச்சியிலோ வேறுபட்டவர்களுக்கு நாம் காலந்தோறும் வைத்த பெயர்களைப் பார்த்தால் அது விளங்கும்.

பழைய சொல் ‘எச்சம்’. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பார்வையின்மை, பேசாமை, கேளாமை, கூன் முதலான எட்டையும் எச்சம் என்றே சுட்டுகிறார். அங்கே அதற்குக் குறை என்று பொருள். இலக்கணத்தில் எச்சம் வேறு. ‘வந்த’ என்ற சொல் ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது. ‘வந்து’ என்ற சொல் ஒரு வினைக்காகக் காத்திருக்கிறது. அந்தத் துணைச்சொல் வந்து சேர்ந்ததும் பொருள் நிறைந்துவிடும். பழுது அந்தச் சொல்லில் இல்லை.

அடுத்து வந்தது ‘ஊனம்’. தசையைக் குறிக்கும் ‘ஊன்’ வேறு, இது வேறு. ‘ஊன’ என்றால் வடமொழியில் குறைந்த என்று பொருள். அந்த மொழியில் பத்தொன்பதுக்கு ‘ஏகோனவிம்சதி’ என்று ஒரு பெயர் உண்டு. இருபதுக்கு ஒன்று குறைவு என்பது அதன் விரிவு. பத்தொன்பதும் தன்னளவில் ஓர் எண்தானே? இருபதை அளவுகோலாக வைத்ததால்தான் அது குறைந்துபோனது. ‘ஊனமுற்றோர்’ என்ற பெயரும் இந்தக் கணக்கில் பிறந்ததுதான். குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது; 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக்கியது.

இதற்கிடையே 2010இல், கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அரசு ‘ஊனமுற்றோர்’ என்பதை விலக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அவர்களுக்கான அரசுத் துறையின் பெயரும் மாறியது. ‘டிஃபரன்ட்லி ஏபிள்டு’ என்ற ஆங்கில வழக்கின் தழுவல் அது. ஆனாலும் ‘ஆளி’ நம் விகுதி. ஆள்பவர், உடையவர் என்று பொருள் தரும். அறிவாளி, தொழிலாளி என்ற வரிசையில் திறனாளியும் சேர்ந்தார். உற்றவர் ஆள்பவர் ஆனார். இது பெரிய மாற்றம். மனமார வரவேற்க வேண்டியது.

‘மாற்று’ என்ற முன்பாதியில்தான் இரண்டு வழி பிரிகிறது. தட்டார் உரைகல்லில் தேய்த்து அறியும் பொன்னின் தரமும் மாற்றுதான். பத்தரைமாற்றுத் தங்கம் என்கிறோம். பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பும்போது கையில் கொடுப்பதும் மாற்றுச் சான்றிதழ்தான். “உங்க பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் சரிப்படாதும்மா” என்ற பேச்சைக் கேட்டு அந்தத் தாளோடு திரும்பிய தாய்மார் எத்தனையோ பேர். ஒரு குழந்தையைப் பொறுத்தவரை இந்தச் சொல் பொன்னின் மாற்றா, வெளியேற்றும் மாற்றா என்பதை முடிவு செய்வது அகராதியன்று. அதன் முதல் வகுப்பறை.

முதல் வகுப்பறை என்றால் பால்வாடி. அங்கே நாளை ஆசிரியராகப் போகிறவர் எதைக் கற்றுக்கொண்டு போகிறார் என்பதுதான் கேள்வி. கல்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மாமல்லபுரம், கோவளம் தாண்டி முட்டுக்காடு. பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் அங்கே இருக்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். 2015 டிசம்பரில் பிரதமர் ‘திவ்யாங்’ என்ற சொல்லை முன்வைத்தபின், அந்த நிறுவனத்தின் பெயரிலும் ‘திவ்யாங்ஜன்’ சேர்ந்தது. திவ்ய அங்கம், தெய்விக உறுப்பு. எங்களைத் தெய்வமாக்க வேண்டாம், உரிமையைக் கொடுங்கள் என்று பல அமைப்புகள் மறுத்தன. 2023 நவம்பரில் அங்கன்வாடிகளுக்கென மத்திய அரசு வகுத்த நெறிமுறையும் ‘திவ்யாங்’ பெயரில்தான் வந்தது. குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, அந்தக் குழந்தைகளை மற்றவர்களோடு சேர்த்துக் கற்பிக்க வழி சொல்வதால் அது நல்ல தொடக்கம். ஆனால் கண்டறிவது பெரியவர் வேலை. தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வது குழந்தையின் வேலை. அதற்கும் பயிற்சி வேண்டும்.

காது மிஷின் போட்ட நாலு வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பியபடி கதை சொல்கிறார். உதட்டைப் பார்க்க முடியாததால் கதை அவளுக்குப் பாதியில் அறுந்துவிடுகிறது. அவள் பேசாமல் இருந்தால் ‘அமைதியான பிள்ளை’ என்று பெயர் எடுப்பாள். “டீச்சர், என்னைப் பாத்துச் சொல்லுங்க” என்று அவள் சொல்லிவிட்டால் அன்றைக்கு நடந்தது பெரிய பாடம். அந்த ஒரு வரி தானாக வராது. “கேக்குதா கண்ணு? எங்க உக்காந்தா நல்லா கேக்கும்?” என்று நாள்தோறும் கேட்ட டீச்சர் இருந்தால்தான் வரும்.

ஆகவே பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தர வேண்டியவை எளியவை. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணிக் காத்திருப்பது. பேச்சு வராத பிள்ளைக்குப் படஅட்டை கொடுத்து, அவன் தொட்டுக் காட்டுவதைப் பதிலாக ஏற்பது. தூக்குமுன், சக்கர நாற்காலியைத் தள்ளுமுன், “தூக்கட்டுமா?”, “தள்ளட்டுமா?” என்று கேட்பது. ‘வேணாம்’ என்றால் அடம் என்று எழுதிவிடாமல் காரணம் தேடுவது. ‘நானே செய்றேன்’, ‘உதவி வேணும்’ இரண்டையும் சம மதிப்போடு பழக்குவது. எச்சத்தைப் பொருள் நிறையச் செய்யும் துணைச்சொல் போன்றவர் இப்படிப்பட்ட ஆசிரியர்.

எச்சம், ஊனம், மாற்றுத்திறன், திவ்யாங்: நான்கும் பிறர் வைத்த பெயர்கள். ஐந்தாவதை அந்தக் குழந்தைகள் வளர்ந்து தாங்களே வைக்கட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாயின் இடுப்பில் இருக்கும் பிள்ளையைக் காட்டி, “இவன் பேர் என்ன?” என்று தாயிடம் கேட்பது நம் வழக்கம். இனி அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்.