தமிழ் தெரியாத நெறியாளர்

பென்னாகரத்துல இருந்து ஒரு ஆய்வு மாணவி எழுதியிருந்தாங்க. அவங்க பகுதி நடுகற்களைப் பத்தித்தான் ஆய்வு. "என் கைடுக்கு நடுகல்லைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நான் எப்படிங்க முடிக்கிறது?"

அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு பழைய கதை சொல்றேன்.

இலங்கையில் 'தினகரன்' நாளிதழின் ஆசிரியராக இருந்த க. கைலாசபதி, 1960களில் முனைவர் பட்டத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் போனார். ஆய்வுப் பொருள், சங்க வீரயுகப் பாடல்கள். நெறியாளர் ஜார்ஜ் தாம்சன் கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர். அவருக்குத் தமிழ் தெரியாது.

ஆனா தாம்சனுக்கு வேற ஒண்ணு தெரியும். இளைஞராக இருந்தப்போ அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவுக்குப் போய், மீனவர்களோட ஐரிஷ் மொழியைக் கத்துக்கிட்டவர். ஏட்டில் இல்லாத கதைகள் அங்கே வாய்மொழியா வாழ்ந்துக்கிட்டு இருந்தன. அதைக் கேட்ட பிறகுதான் ஹோமர் அவருக்கு வேற மாதிரி புரிந்தார். ஹோமரைப் பார்த்த அந்தக் கண்ணோட்டத்திலேயே கைலாசபதி புறநானூற்றைப் பார்த்தார்: பாணர், வாய்மொழி மரபு, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த 'டமில் ஹீரோயிக் பொயட்ரி' அந்த ஆய்வுதான்.

யோசிச்சுப் பாருங்க. பாட்டு என்ன சொல்லுதுன்னு மாணவர்தான் ஆசிரியருக்கு விளக்கணும். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னு ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போக முடியாது. நம்ம ஊர்ல பல ஆய்வேடுகள் கோட்டை விடுறது இங்கேதான்னு எனக்குத் தோணும்.

கைலாசபதியின் நண்பர் கா. சிவத்தம்பியும் பிறகு அதே தாம்சனிடம் போய், பண்டைத் தமிழ் நாடகத்தை ஆராய்ந்து 1970இல் பட்டம் பெற்றார்.

இதில் ஆபத்தும் உண்டு. ஆசிரியரோட கண்ணாடியை வாங்கிப் போட்டா, அவர் பார்த்ததே நமக்கும் தெரியும். சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள்தானா என்று பின்னால் வந்தவர்கள் கைலாசபதியை மறுத்தார்கள். அந்த வாதம் இன்னும் முடியலை.

பென்னாகரம் தங்கச்சிக்கு ஒண்ணு. நீங்க இருக்கிறது பழைய தகடூர் நாடு, அதியமான் மண். அவன் இறந்தபோது அவ்வையார் பாடிய புறநானூறு 232ஆம் பாட்டில் நடுகல் வருது, அதுக்குப் படைக்கிற கள்ளும் வருது. அடுத்த சந்திப்புல அந்தப் பாட்டை எடுத்துட்டுப் போய், உங்க கைடுக்கு வரி வரியா விளக்குங்க. அவர் கேக்குற முதல் கேள்வியைக் குறிச்சு வச்சுக்கிட்டு எனக்கும் எழுதுங்க.