பெயர் மாறிய பாடம்: இந்தியப் பள்ளிகளும் பாலியல் கல்வியும்

பாலியல் பற்றிய அறிவைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டியது பள்ளியா, பெற்றோரா என்னும் வினா 2007ஆம் ஆண்டில் இந்திய மாநிலங்கள் பலவற்றில் பெரும் பூசலாக எழுந்து, 2009இல் மாநிலங்களவைக் குழுவொன்றின் அறிக்கையில் வந்து நின்றது. பள்ளியில் அப்பாடம் கூடாது என்றோரின் வாதத்தில் ஒரு வரலாற்றுக் கருத்துத் தொக்கி நின்றது. இந்தியக் குடும்பம் இவ்வறிவைக் காலங்காலமாக அடக்கத்தோடு தந்து வந்தது. அயல்நாட்டுத் தாக்கத்தால் அரசு அப்பணியைப் பறித்துப் பள்ளியிடம் கொடுக்க முனைகிறது என்பதே அக்கருத்து. இது சான்றுகளோடு பொருந்துகிறதா என்பதையும், அரசு கொண்டுவந்த பாடம் உண்மையில் யார் பொருட்டு வந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வீடு கற்பித்ததா?

தமிழ் அகத்திணை மரபை அறிந்தோர்க்கு இதில் தொடக்கத்திலேயே ஓர் ஐயம் தோன்றும். அறத்தொடு நிற்றலில் தலைவியின் காதல் தோழி வாயிலாகச் செவிலிக்கும், செவிலி வாயிலாக நற்றாய்க்கும், அவள்வழித் தந்தைக்கும் தன்னையர்க்கும் சென்று சேர்கிறது. ஈன்ற தாய் மகளிடம் நேரே கேட்டறிவதில்லை. இது புலனெறி வழக்கு. இதனைக் கொண்டு அக்காலக் குடும்பத்தை அளந்துவிட இயலாது. ஆயினும், பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் இடையே இப்பொருள் நேர்ப்பேச்சாக அமைதல் இயல்பு என்று மரபு கருதவில்லை என்பதற்கேனும் இது சான்றாகும்.

பிற்காலச் சமூக வழக்கும் இதற்கு மாறானதன்று. பூப்பு நீராட்டு விழா ஒரு பெண் பருவமெய்திய செய்தியை ஊரார்க்கு அறிவிக்கிறது. அச்செய்தியின் பொருளை அப்பெண்ணுக்கு அறிவிக்கும் கடமையை விழாவின் எந்தச் சடங்கும் ஏற்கவில்லை. அறிவு கிடைத்தபோது அது பாட்டி, அண்ணி, அத்தை, மணமான தோழி ஆகியோரிடமிருந்து குறிப்பாகவும் கேலியாகவும் கிடைத்தது. ஆண்பிள்ளைக்கு அந்த வாயிலும் இல்லை.

மணவயதும் ஓர் இடைவெளியும்

பூப்பிற்கு முன்னரோ அதனை ஒட்டியோ மணம் முடித்த குடும்பங்களில் எப்போது, யார் சொல்வது என்னும் வினாவிற்கே இடமில்லை. சிறுமி மனைவியான பின்னரே அறிந்தாள். பல வேளைகளில் அறியாமலே துன்புற்றாள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இசைவு வயதைப் பத்து என வைத்தது. 1890இல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்னும் சிறுமி கணவனின் வன்செயலால் குருதி பெருகி இறந்தாள். அவள் பத்து வயதைக் கடந்தவள் என்பதால் வன்புணர்ச்சிக் குற்றம் அவன்மேல் நிற்கவில்லை. மறு ஆண்டு இசைவு வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அதனை எதிர்த்தோருள் தலையாயவர் பாலகங்காதர திலகர். குடும்பமும் சமயமும் அயலார் அரசு கைவைக்கக் கூடாதவை. சீர்திருத்தம் வேண்டுமெனில் மக்களே செய்துகொள்வர் என்பது அவ்வணியின் வாதம். அதில் கலந்திருந்த அயலாட்சி எதிர்ப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் வீட்டு வாயிலோடு அரசு நின்றுவிட வேண்டும் என்னும் கோட்பாடு அயலாட்சி நீங்கிய பின்னும் நீங்கவில்லை.

1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் மணவயதைப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வகுத்தது. பெண்ணின் மணவயது 1949இல் 15 ஆயிற்று. 1978இல் அது 18ஆகவும் ஆணின் மணவயது 21ஆகவும் உயர்ந்தன. சட்டம் சொன்னவுடன் வழக்கம் மாறிவிடவில்லை என்பது தெரிந்ததே. எனினும் பூப்பிற்கும் மணத்திற்கும் இடையே ஆண்டுகள் கூடின; அவ்வாண்டுகளை மேன்மேலும் மிகுதியான பெண்பிள்ளைகள் பள்ளியில் கழிக்கலாயினர். வளரிளம் பருவம் என்று இன்று நாம் வழங்கும் பருவம் இந்திய வாழ்வில் பரவலானது இவ்வாறுதான். யார் கற்பிப்பது என்னும் வினா இவ்விடைவெளியில் பிறந்தது. பழைய வீட்டில் அதற்கு விடை இல்லாமை வீட்டின் குற்றமன்று.

கார்வே, காந்தியடிகள், பெரியார்

இவ்வினாவை அச்சில் வெளிப்படையாகக் கொணர்ந்தவர்களுள் சிறப்பாக எண்ணத்தக்கவர் ரகுநாத் தோண்டோ கார்வே. பெண்கல்விக்கு உழைத்த தோண்டோ கேசவ் கார்வேயின் மகனான இவர், பம்பாயில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1921இல் அந்நகரில் கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இக்கொள்கையின் பொருட்டு வில்சன் கல்லூரிப் பணியை இழந்தார். 1927 முதல் 1953இல் இறக்கும்வரை 'சமாஜ் சுவாஸ்த்ய' என்னும் மராத்தி இதழை நடத்தினார். வாசகர்கள் தம் உடலைப் பற்றியும் இச்சையைப் பற்றியும் எழுதிக் கேட்டவற்றிற்கு அவ்விதழில் விடை வெளிவந்தது. அவ்விடைகளுக்காக அவர்மேல் ஆபாச வழக்குத் தொடரப்பட்டபோது, 1934இல் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்குத் தோற்றது; கார்வே தண்டத்தொகை கட்டினார். வீட்டில் கேட்கக் கூடியதாக இருந்திருப்பின் முன்பின் அறியாத ஒரு பத்திரிகை ஆசிரியர்க்கு அவ்வாசகர்கள் எழுதியிருக்க மாட்டார்கள். கார்வே வழக்கின் வரலாற்று மதிப்பு, சட்ட நுணுக்கத்தைக் காட்டிலும், இதில்தான் உள்ளது என்பது என் கருத்து.

காந்தியடிகளின் நிலை பலர் எண்ணுவதினும் நுட்பமானது. 1935 டிசம்பரில் வார்தாவில் மார்கரெட் சாங்கர் அவரைச் சந்தித்துக் கருத்தடை குறித்து உரையாடினார், இருவரும் உடன்படவில்லை. ஆனால் மறு ஆண்டு 'ஹரிஜன்' இதழில் பாலியல் கல்வி பற்றி எழுதியபோது அடிகள் அதனை விலக்கவில்லை. இனப்பெருக்க உறுப்புகளின் பயனையும் தொழிலையும் இளையோர் அறிதல் வேண்டும் என்றே கொண்டார். கல்வியின் நோக்கம் காமத்தை வெல்லுதலாதல் வேண்டும், கற்பிப்பவர் தம்மை வென்றவராதல் வேண்டும் என்று வரம்பு கட்டினார். அவ்வரம்பை இன்று அனைவரும் ஏற்க இயலாது. எனினும் மரபின் பெயரால் பாடத்தையே நீக்கக் கோரியவர்கள் காந்தியடிகள் நின்ற இடத்திற்கும் பின்னே நின்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழகத்தில் பெரியார் ஈ.வெ.ரா. வேறொரு கோணத்தைக் காட்டினார். கருத்தடையை மற்றவர்கள் உடல்நலம், வறுமை ஆகியவை பற்றி ஆதரிக்க, தாம் பெண்ணின் விடுதலை பற்றியே ஆதரிப்பதாக அவர் வேறுபடுத்தினார். அறிவு யார் பொருட்டு என்னும் இவ்வேறுபாடு பின்வந்த அரசுத் திட்டங்களில் காணாமற் போயிற்று.

பெயர்களின் வரலாறு

1980இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பொறுப்பில் தொடங்கப்பட்ட திட்டத்தின் பெயர் மக்கள்தொகைக் கல்வி. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையின் கசப்பு ஆறாத காலம் அது. வகுப்பறையில் மக்கட்பெருக்கம், உணவு, நிலம் பற்றிய பேச்சு நிகழ்ந்தது. மக்கள் பெருகுவது எவ்வாறு என்பது மட்டும் பேசப்படவில்லை. 1993இல் புதுதில்லியில் நடந்த தேசியக் கருத்தரங்கில் வளரிளம் பருவக் கல்வி என்னும் பெயர் முன்னுக்கு வந்தது. இதற்கிடையே 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன், அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வால் இந்தியாவில் எச்.ஐ.வி. நுண்ணுயிரி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தோன்றியது. 2005இல் அவ்வமைப்பும் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் இணைந்தே வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. ஆண்டிற்கு 16 மணிநேரம் அதற்கு ஒதுக்கத் திட்டமிடப்பட்டது. பின்னர் 'வாழ்க்கைத் திறன்' என்னும் தொடர் முன்னிறுத்தப்பட்டது.

இப்பெயர்கள் வெறும் நாகரிகப் போர்வை அல்ல. முதலில் எண்ணிக்கைக்கு அஞ்சியும், பின்னர் நோய்க்கு அஞ்சியும் அரசு இப்பாடத்தைக் கொணர்ந்தது. தன் உடலைத் தான் அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்னும் அடிப்படையில் அது வரவில்லை. ஆகவேதான் எதிர்ப்பு எழுந்தபோது திட்டத்தை நடத்தியவர்களுக்குத் துணிந்து சொல்ல ஒரு நியாயம் இல்லாமற் போயிற்று. எங்கள் ஊரில் அந்நோய் இல்லை, எங்கள் பிள்ளைகள் அத்தகையோர் அல்லர் என்று ஒருவர் கூறிவிட்டால் அந்த உரையாடல் முடிந்துவிடும்.

2007: ஓராண்டின் இரு ஆவணங்கள்

2007இல் மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், கருநாடகம், குசராத்து உள்ளிட்ட பல மாநிலங்கள் இத்திட்டத்தைத் தடை செய்தன அல்லது நிறுத்தி வைத்தன. ஆசிரியர் கையேட்டின் விளக்கப்படங்கள் கண்டனத்திற்கு உள்ளாயின. கையேடு பின்னர்த் திருத்தப்பட்டது. எம். வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009 மார்ச்சில் அளித்த அறிக்கை, நாட்டின் சமூகப் பண்பாட்டு இயல்பில் பள்ளிப் பாலியல் கல்விக்கு இடமில்லை என்றது, எச்.ஐ.வி. போன்ற செய்திகளை மேனிலை வகுப்பின் உயிரியல் நூலுக்கு ஒதுக்குமாறு பரிந்துரைத்தது. உயிரியல் படிக்காத மாணவர் என்ன செய்வர் என்பதும், மேனிலை வகுப்பை எட்டாமலே பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளைகள் என்ன செய்வர் என்பதும் இப்பரிந்துரைக்குள் அடங்கா.

அதே 2007இல் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் குழந்தைகள்மீதான கொடுமை பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகள் அதில் வினவப்பட்டனர். ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியோர் 53.22 விழுக்காடு. இத்தகைய வினவலில் வரையறையின் விரிவு எண்ணிக்கையைக் கூட்டும் என்று வாதிடலாம். ஆனால் கொடுமை செய்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளை அறிந்தவர், நம்பியவர் என்பதை அவ்வாதம் அசைக்காது. வீடே கற்பிக்கட்டும் என்போர் இதற்கு விடை கூறியாக வேண்டும். தீங்கு வீட்டினுள் இருந்தே வரும்போது அதனைத் தீங்கு என்று அறிவதற்கும் அதற்குரிய சொல்லைப் பெறுவதற்கும் பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே ஓரிடம் வேண்டும். பள்ளியைத் தவிர எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான வேறிடம் நம்மிடம் இல்லை. பள்ளியிலும் தீங்கு நிகழ்வதுண்டு. ஒரே ஒரு வாயிலை நம்பியிருக்கலாகாது என்பதையே அதுவும் காட்டுகிறது.

இளையோரின் விருப்பமும் அக்காலத்திலேயே பதிவாகியுள்ளது. 2006-07இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த இளையோர் ஆய்வில், குடும்ப வாழ்வுக் கல்வி வேண்டும் என்றோர் ஐவரில் நால்வர் அளவினர். அதனைப் பெற்றோர் 15 விழுக்காட்டளவே.

தமிழ் வகுப்பறை

தமிழாசிரியர்களாகிய நாம் இதில் வெளியார் அல்லர். வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது முதலிரு பால்களோடு நிறுத்தினார். அவர் ஒரு துறவி. ஜி.யு. போப் 1886இல் முப்பாலையும் ஆங்கிலத்தில் தந்தார். அவரும் சமயப் பணியாளரே. 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பள்ளிகளில் குறளைக் கற்பிக்க ஆணையிட்டபோது சுட்டியவை அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் 108 அதிகாரங்கள். எஞ்சிய 25 அதிகாரங்கள் பள்ளிக்கு வெளியே நின்றன. அதனை வியந்து வினவியோர் நம் துறையில் மிகச் சிலரே.

அகப்பாடல்களையும் இன்பத்துப்பாலையும் செவ்வனே கற்பித்தாலே போதும், தனியே ஒரு பாடம் வேண்டா எனக் கருதுவோரும் உளர். இதனை ஏற்பதற்கில்லை. அவை காதலின் மனநிலையைக் கற்பிக்கும். பிரிவின் துயரையும் ஒருவர் மற்றவர் குறிப்பறியும் நுண்மையையும் கற்பிக்கும். மாதவிலக்கு ஏன் நிகழ்கிறது, வேண்டாத தொடுகையை யாரிடம் சொல்வது என்பவற்றை அவற்றிடம் கேட்பது இலக்கியத்திற்கும் பிள்ளைக்கும் செய்யும் அநீதி.

அண்மை நிலை

2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அரசு வீட்டு வாயிலோடு நிற்க வேண்டும் என்ற பழைய கோட்பாட்டைக் குற்றவியல் அளவில் முறித்தது. 18 வயதிற்கு உட்பட்ட எவர்மீதும் யார் செய்த குற்றமும் அதன்கீழ் வரும். உறவினர் செய்தால் தண்டனை மிகும். ஆனால் எது குற்றம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லும் ஏற்பாடு சட்டத்தின் வேகத்தில் வரவில்லை. 2020இல் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டம் ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத்தூதர்களாகப் பயிற்றுவித்து, 11 தலைப்புகளைக் கற்பிக்க வகைசெய்தது. இனப்பெருக்க நலம் அவற்றுள் ஒன்று. ஊட்டச்சத்து முதலியவற்றோடு அது வரிசையில் நிற்கிறது.

2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்ற ஆணை ஒன்றை நீக்கித் தீர்ப்பளித்தது. குழந்தைகளைக் கொண்டு எடுக்கப்பட்ட ஆபாசப் படங்களை வைத்திருத்தல் பற்றிய வழக்கு அது. பாலியல் கல்வி மேலைநாட்டுச் சரக்கு என்பது தவறான எண்ணம் என்று அத்தீர்ப்பு கூறியது. இளவயது முதலே பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்கும் விரிவான திட்டத்தை வகுக்க வல்லுநர் குழு அமைப்பதை ஒன்றிய அரசு எண்ணிப் பார்க்கலாம் என்றும் பரிந்துரைத்தது. 1980 முதல் அரசுத் திட்டங்கள் தம் தலைப்பில் தவிர்த்து வந்த பெயரை அத்தீர்ப்பு மாற்றுச் சொல் தேடாமல் அப்படியே எழுதியுள்ளது.